குடும்பம் சுமந்த சிறுவன்: சார்லஸ் டிக்கன்ஸ்



வீட்டில் ஆங்கிலப் பாடம் படிக்கும் பிள்ளை இருந்தால் சார்லஸ் டிக்கன்ஸ் என்ற பெயர் உங்களுக்குப் புதிதாயிராது. ஆலிவர் டுவிஸ்டின் கதையையோ டேவிட் காப்பர்பீல்டின் கதையையோ நீங்களே பள்ளியில் படித்திருக்கக்கூடும். அவருடைய நாவல்களின் பெருமையைப் பேச இந்தப் பக்கத்தில் இடம் போதாது; பேச நான் தகுந்தவனும் அல்ல. நான் சொல்ல வந்தது வேறு. தாயும் தகப்பனும் நடத்த வேண்டிய குடும்பத்தைச் சிறு பிள்ளை ஒன்று நடத்த நேர்ந்தால், அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கும் மனதுக்கும் என்ன நேருகிறது என்பதை வெளியே நின்று பார்த்தவர்கள் பலர். உள்ளே இருந்து அறிந்தவர் டிக்கன்ஸ். அறிந்ததைச் சாகுமட்டும் தம் பிள்ளைகளிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. வேறு பிள்ளைகளின் பெயரை வைத்து எழுதி எழுதி ஆற்றிக்கொண்டார்.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். நம்மைப் பற்றி அவர் எழுதிய சில பக்கங்கள் நமக்கு இனிப்பவையும் அல்ல. அதற்காக அவரிடம் அறிய வேண்டியதை அறியாமல் விடுவது நியாயமாகாது.

1812-ம் வருஷம் பிப்ரவரி 7-ம் தேதி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள ஆபீசில் குமாஸ்தா. பிறந்த பிள்ளைகள் எட்டுப் பேர். பானி என்ற பெண் மூத்தவள், சார்லஸ் இரண்டாமவன். ஜான் டிக்கன்ஸ் கெட்டவர் அல்லர். பிள்ளைகள்மேல் பிரியமுள்ளவர், நோயில் விழுந்த பிள்ளையின் பக்கத்தில் இரவு பகலாக உட்கார்ந்திருப்பவர், பேச்சிலே இனிமையானவர். ஆனால் கையில் வந்த காசு கையில் நில்லாது. வரவுக்கு மேல் செலவு, செலவுக்கு மேல் விருந்து. இப்படிப்பட்ட தகப்பன்மாரை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஊரெல்லாம் அவர்களை நல்லவர் என்னும்; பலசரக்குக் கடைக்காரர் மாத்திரம் அவ்வாறு சொல்லமாட்டார்.

சாத்தம் என்ற ஊரில் இருந்தவரை சார்லஸ் பள்ளிக்குப் போனான், புத்தகங்களை ஆசையோடு வாசித்தான். 1822-ல் குடும்பம் லண்டன் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்போதே பத்து லட்சம் ஜனங்களுக்கு மேல் நெருக்கியடித்து வாழ்ந்த பட்டணம் அது. அங்கே வந்ததும் படிப்பு நின்றது. யாரும் அதை நிறுத்தவில்லை. யாருக்கும் அதைப்பற்றி நினைவு வரவில்லை, அவ்வளவுதான். காலையில் தகப்பனாரின் பூட்ஸைத் துடைப்பது, கடைக்கு ஓடுவது, தம்பி தங்கைமாரைப் பார்த்துக்கொள்வது, இவையே பத்து வயதுப் பையனின் வேலையாயின. பானிக்கு மட்டும் சங்கீதக் கழகத்தில் இடம் கிடைத்தது. அவளுடைய நல்ல காலத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டாலும், தன்னை யாரும் நினைக்கவில்லையே என்ற ஏக்கம் அந்தப் பையனுக்கு இருந்தது.

தாயார் எலிசபெத் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு முயற்சி செய்தார். கவர் ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பித்தளைப் பலகை ஒன்றைக் கதவில் மாட்டி, பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தப்போவதாக அறிவித்தார். விளம்பரக் காகிதங்களை வீடுவீடாய்ப் போட்டவன் சார்லஸ். ஒரு பிள்ளையும் வரவில்லை. வந்தவர்கள் கடன்காரர்களே.

அந்தச் சமயத்தில் ஜேம்ஸ் லாமர்ட் என்ற உறவினர், உதவி செய்வதாக எண்ணி ஒரு யோசனை சொன்னார். தேம்ஸ் நதியோரம் ஹங்கர்போர்டு படித்துறையில் பூட்ஸுக்குப் பூசும் கறுப்பு மை தயாரிக்கும் வாரன் கம்பெனி இருந்தது. அதை அவர் பார்த்து வந்தார். பையனை அங்கே அனுப்பினால் வாரம் 6 ஷில்லிங் கிடைக்கும். தாயும் தகப்பனும் உடனே சம்மதித்தார்கள். 1824 பிப்ரவரியில், 12 வயது நிறைந்து இரண்டொரு நாளில், சார்லஸ் வேலைக்குப் போனான். அவர்கள் தயங்காமல் சம்மதித்த அந்த வேகந்தான் பிற்காலத்தில் அவர் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

இடிந்து விழுவதுபோன்ற பழைய வீடு. கீழ்த்தளத்தில் எலிகளின் இரைச்சல். மை நிறைந்த ஜாடியின் வாயை முதலில் எண்ணெய்த் தாளால் மூடி, மேலே நீலத் தாள் வைத்து, நூலால் இறுக்கிக் கட்டி, ஓரத்தைச் சுற்றிலும் நறுக்கி, பின்பு லேபில் ஒட்ட வேண்டும். காலை முதல் இரவு வரை இதே வேலை. நூலை எப்படி முடிச்சுப் போடுவது என்று முதல் நாள் அவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் பாப் பேகின் என்ற பையன். தாய் தகப்பன் இல்லாதவன். படகோட்டும் அத்தான் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவன். அவன் பெயரை மறவாதீர்கள்.

வேலைக்குப் போன சில நாட்களில், பிப்ரவரி 20-ம் தேதி, ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்குத் தர வேண்டிய 40 பவுன் 10 ஷில்லிங் கடனுக்காக ஜான் டிக்கன்ஸ் பிடிபட்டார். மார்ஷல்ஸீ என்ற கடன்காரர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கடன் தீரும்வரை உள்ளே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவன் சம்பாதித்துக் கடனைத் தீர்க்கவும் முடியாது. அந்தக் காலத்து நியாயம் அப்படி இருந்தது.

இனி வீட்டில் ஆண்பிள்ளை என்று சொல்ல 12 வயதுச் சார்லஸ்தான். கண்ணீரோடு சிறைக்கும் வீட்டுக்கும் செய்தி கொண்டு ஓடினவன் அவன். சாமான்களை அடகுக்கடைக்குக் கொண்டுபோனவனும் அவனே. முதலில் போனவை புத்தகங்கள், அவன் உயிராய் மதித்த புத்தகங்கள். பிறகு நாற்காலிகள், பாத்திரங்கள், மேசைகள். அடகுக்கடைக்காரர் பையனைப் பழகிக்கொண்டு, சீட்டு எழுதும்போதே அவனிடம் லத்தீன் வினைச்சொற்களை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாராம். குருமடத்தில் அந்தப் பாடத்தை ஒப்புவித்துப் பழகிய எங்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய விஷயந்தான். ஆனால் ஒரு கையில் தாயாரின் சாமானும் வாயில் லத்தீனுமாய் அந்தப் பையன் நின்ற நிலையை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. கடைசியில் வீட்டில் கட்டில்களும் ஒரு சமையல் மேசையும் சில நாற்காலிகளுமே மிஞ்சின. வெறுமையான வீட்டில் இரண்டு அறைகளில் தாயும் பிள்ளைகளும் கூடாரம் அடித்தவர்கள்போல் கிடந்தார்கள்.

பின்பு அந்த வீட்டையும் விட்டுத் தாயார் சிறு பிள்ளைகளோடு சிறைக்கே குடிபோனார். கடன்காரர் சிறையில் அதற்கு இடம் உண்டு. சார்லஸுக்கு மட்டும் காம்டன் டவுனில் ஒரு கிழவியின் வீட்டில் ஒதுங்க இடம். அந்த இடத்து வாடகை தகப்பனார் பொறுப்பு. மற்றதெல்லாம் அவன் பொறுப்பு. காலைக்கு ஒரு பென்னி ரொட்டியும் பாலும் வாங்குவான். இராச் சாப்பாட்டுக்கு ஒரு சிறு ரொட்டியும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் அலமாரியில் தனியே எடுத்துவைப்பான். வாரக்கூலியை ஆறு பொட்டலமாய் மடித்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கிழமையின் பெயரை எழுதிவைப்பான்.

தாய்மாரே, உங்கள் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையனின் கையில் ஒரு வாரக் குடித்தனச் செலவைக் கொடுத்துப் பாருங்கள். சார்லஸும் பிள்ளைதானே. வேலைக்குப் போகும் வழியில் முந்தின நாள் பலகாரத்தைப் பாதி விலைக்கு வாசலில் வைத்திருப்பார்கள். பசியில் அதை வாங்கித் தின்றுவிடுவான். மத்தியானத்துக்குக் காசு இராது. அன்றைக்கு வெறும் வயிறு, அல்லது ஒரு துண்டுக் கனத்த புட்டிங். ஒரு நாள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் புத்தகம்போல் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரிய சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் நுழைந்து, ஒரு சிறு தட்டு இறைச்சிக்குச் சொன்னான். பரிமாறுகிறவன் இன்னொருவனையும் கூப்பிட்டு வேடிக்கை காட்டினான். பையனோ பெரிய மனிதனாட்டம் அவனுக்கு அரைப் பென்னி இனாமும் கொடுத்துவிட்டு வந்தான். வாங்காமல் இருந்திருக்கலாமே என்று எண்ணிக்கொண்டு கொடுத்தானாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பானியைக் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போவான். ஒரு ஞாயிறு இரவு தகப்பனாரிடம் தன் தனிமையைச் சொல்லித் தேம்பி அழுதான். முதன்முறையாக வாய் திறந்தது அன்றுதான். தகப்பனார் திடுக்கிட்டார், பையன் இத்தனை நாளும் நன்றாயிருப்பதாகவே நினைத்திருந்தார். உடனே சிறைக்கு அருகில் லாண்ட் ஸ்ட்ரீட்டில் மேல்மாடி அறை ஒன்றைப் பார்த்துக் கொடுத்தார். அதன்பின் காலையிலும் இரவிலும் சிறைக்குள் குடும்பத்தோடு சாப்பிட முடிந்தது. இதற்காகும் செலவு அதிகமில்லை. கேட்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

இப்போது பாப் பேகினிடம் வருவோம். சார்லஸுக்குச் சிறுவயது முதலே விலாவில் ஒரு வலி உண்டு. ஒரு நாள் வேலையில் அது வந்து துடித்துப் போனான். பாப் அவனைத் தரையில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, காலியான மை பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, அரை நாள் முழுவதும் மாற்றி மாற்றி விலாவில் ஒத்தடம் கொடுத்தான். மாலையில் தனியாக விடமாட்டேன் என்று வீடுவரை கூடவே புறப்பட்டான். சார்லஸுக்குத் தர்மசங்கடம். தன் வீடு சிறைச்சாலை என்று எப்படிச் சொல்வான்? போய்விடு போய்விடு என்று பல தடவை சொல்லியும் பாப் கேட்கவில்லை. கடைசியில் சதர்க் பாலத்துக்கு அருகில் ஏதோ ஒரு வீட்டின் படியேறி, இதுதான் என் வீடு என்று கைகொடுத்து அனுப்பினான். பாப் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கதவையும் தட்டினான். திறந்த பெண்மணியிடம், இது ராபர்ட் பேகின் வீடுதானா என்று கேட்டுவைத்தான்.

குடும்பப் பாரம் தூக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பொய்யை நீங்கள் காணலாம். எங்கள் வீட்டில் எல்லாம் சரியாயிருக்கிறது என்பார்கள். பசிக்கவில்லை என்பார்கள். அம்மா தூங்குகிறாள், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்பார்கள். அது வஞ்சகம் அல்ல. வீட்டின் மானத்தையும் சேர்த்துத்தான் அந்தச் சிறு தோள் சுமக்கிறது.

(பிற்காலத்தில் ஆலிவர் டுவிஸ்ட் நாவலில் பிள்ளைகளைத் திருடப் பழக்கும் கயவனுக்கு டிக்கன்ஸ் பேகின் என்றே பெயர் வைத்தார். ஒத்தடம் கொடுத்த கைக்கு இதுவா கைம்மாறு என்று எனக்கு எப்போதும் தோன்றும். அந்த அன்பை ஏற்றுக்கொண்டால் தானும் அந்த இடத்துப் பையனே என்று ஆகிவிடுமோ என்ற அச்சம் அவரை அப்படிச் செய்வித்ததோ என்னவோ.)

ஜான் டிக்கன்ஸ் மஞ்சள் கடிதாசி கொடுத்து வெளியே வர மனுச்செய்தார். அந்தச் சட்டப்படி குடும்பத்தார் உடுத்திய துணிமணி உட்பட மிஞ்சிய சொத்து 20 பவுனுக்கு மேற்படக்கூடாது. ஆகையால் சார்லஸும் மதிப்பீட்டுக்காரர் முன் போய் நின்றான். பாட்டி கொடுத்த பெரிய வெள்ளிக் கடிகாரம் சட்டைப் பையில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தால் தகப்பனாருக்கு விடுதலை போய்விடுமோ என்று பையனின் நெஞ்சும் அடித்துக்கொண்டது. அந்த மனிதர் ஏறிட்டுப் பார்த்து, சரி போ என்றார்.

மே மாதம் 28-ம் தேதி தகப்பனாருக்கு விடுதலை ஆயிற்று. பாட்டியின் சொத்தில் கொஞ்சம் பணமும் வந்தது. இனி வேலையை விடச் சொல்வார்கள் என்று பையன் காத்திருந்தான். ஒருவரும் சொல்லவில்லை. மாதங்கள் போயின. தொழிற்சாலை வேறு தெருவுக்கு மாறியது. அங்கே வெளிச்சத்துக்காகப் பையன்களை ஜன்னலருகே உட்காரவைத்தார்கள். தெருவில் போவோர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நாள் தகப்பனாரும் அதைப் பார்த்தார். லாமர்ட்டோடு ஏதோ மனஸ்தாபம் வந்து பையனை நிறுத்திவிட்டார். தாயாரோ மறுநாளே போய்ச் சமாதானம் பேசி, திரும்ப வேலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவந்தார். தகப்பனார் மறுத்துப் பள்ளிக்கு அனுப்பினார். தம்மைத் திருப்பி அனுப்பத் தாய் விரும்பியதை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை. அந்தத் தாயின் பக்கமும் ஒன்று உண்டு: அடுக்களையில் பானை வெறுமையாயிருந்தால் 6 ஷில்லிங் பெரிய தொகை. ஆனால் பிள்ளையின் கணக்கு வேறு. அவனுக்கு அது ஷில்லிங் கணக்கல்ல.

அதன்பின் அந்த வீட்டில் இதைப்பற்றி யாரும் பேசவில்லை, ஒரு சொல்லும் இல்லை. எழுத்தராகி, பத்திரிகை நிருபராகி, 25 வயதுக்குள் நாடறிந்த ஆசிரியரான பிறகும் டிக்கன்ஸ் அந்த மைக் கம்பெனி இருந்த படித்துறைப் பக்கம் போகமாட்டார். ஸ்டிராண்ட் வீதியில் அதே பெயருள்ள இன்னொரு மைக் கடையின் அருகில் வந்தால், தக்கையில் பூசும் பசையின் வாசனைக்கு அஞ்சி எதிர்ப்புறம் கடந்துவிடுவார். மனைவி மக்களோடு வாழும்போதும் கனவில் அவர்களை மறந்து, அந்தச் சிறுவனாய்த் தெருவில் அலைவதாகக் காண்பாராம். 1840-களின் பிற்பகுதியில் நண்பர் ஜான் பார்ஸ்டரிடம் மட்டும் எழுதிக்கொடுத்தார்.

பாரமும் அவரை விட்டுப் போகவில்லை. 1834-ல் தகப்பனார் மறுபடியும் கடனுக்காகப் பிடிபட்டபோது, 22 வயது மகன் மீட்டார். ஒரு தம்பியைத் தம்மோடு வைத்துக்கொண்டார். 1839-ல் பெற்றோருக்குப் பட்டணத்துக்கு வெகு தூரத்தில் ஒரு வீடு பிடித்துக் குடிவைத்தார். தகப்பனார் மகனின் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கியதால், தம் பெயருள்ள பிறர் வாங்கும் கடனுக்குத் தாம் பொறுப்பல்ல என்று 1841-ல் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று. 1860-ல் தம்பி ஆல்பிரெட் இறந்தபோது அவன் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இவர் பொறுப்பில் வந்தார்கள்.

இவ்வாறிருக்க, அவர் காலத்து லண்டனில் இவரினும் மோசமான நிலையில் எத்தனையோ பிள்ளைகள் இருந்தார்கள். 1848, 1849 வருஷங்களில் வந்த காலரா ஒன்றே அந்தப் பட்டணத்தில் சுமார் 14,000 பேரைக் கொண்டுபோயிற்று. காசநோயும் விஷக் காய்ச்சலும் கொண்டுபோனவர்கள் தனி. இறந்தவர்களில் தாய்மார் எத்தனை, தகப்பன்மார் எத்தனை! மிஞ்சிய பிள்ளைகளுக்கு அரசாங்கம் வைத்திருந்தது வொர்க்ஹவுஸ் என்னும் ஏழை விடுதி. 1834-ம் வருஷச் சட்டப்படி அங்கே ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்கு ஒரு பகுதி. பிள்ளைகளிலும் ஆண் வேறு, பெண் வேறு. அண்ணனும் தங்கையும் பிரிக்கப்படுவார்கள். பட்டினியைவிட அந்தப் பிரிவுக்கு அஞ்சியே அநேகம் பிள்ளைகள் ஒரு வாடகை அறையில் ஒண்டிக்கொண்டு, மூத்தது இளையதைக் காப்பாற்றியது.

ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் அக்காலத்தில் லண்டன் ஏழைகளை நேரில் விசாரித்து எழுதினார். அவர் கண்டவர்களில் டுரூரி லேன் பக்கத்தில் பூ விற்ற இரண்டு அநாதைச் சகோதரிகள் உண்டு. மூத்தவளுக்கு 15 வயது, இளையவளுக்கு 11; நடுவில் 13 வயதுத் தம்பி ஒருவன். பூக் காலத்தில் பூவும் மற்றக் காலத்தில் ஆரஞ்சும் விற்று, ரொட்டியும் தேத்தண்ணீருமாய், எப்போதாவது ஒரு மீனுமாய், மூவரும் ஓர் அறையில் வாழ்ந்தார்கள். அந்த மூத்தவள் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். தம்பியையும் தங்கையையும் தானே கூட்டிப்போய் நம் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தாள். மூவருக்கும் வாசிக்கத் தெரியும். சொல்வாரும் இல்லை, அனுப்புவாரும் இல்லை. தாய் இருந்தால் என்ன செய்திருப்பாளோ அதைச் செய்தாள்.

1852 மார்ச் முதல் மாதாமாதம் பகுதி பகுதியாக வெளிவந்த பிளீக் ஹவுஸ் நாவலில் டிக்கன்ஸ் இப்படிப்பட்ட ஒரு வீட்டைத் திறந்து காட்டினார். நெக்கட் என்பவன் அமீனாவின் ஆள். கடன்காரரைத் தேடிப் பிடிப்பது அவன் தொழில். அவன் இறந்துபோனான்; மனைவி முன்னமே இறந்தவள். செய்தி கேட்டு ஜார்ண்டிஸ் என்ற நல்ல மனிதர் சிலரோடு அந்த வீட்டைத் தேடிப்போகிறார். பூட்டிய அறைக்குள் ஐந்தாறு வயதுப் பையன் டாம், ஒன்றரை வயதுக் குழந்தை எம்மாவைத் தூக்கித் தூக்கித் தாலாட்டிக்கொண்டிருக்கிறான். குளிருக்கு நெருப்பில்லை. யார் பூட்டியது என்றால், சார்லி என்கிறான். கொஞ்ச நேரத்தில் சார்லி வருகிறாள். பதின்மூன்று வயதைத் தாண்டிய சிறுமி. வயதுக்கு மிஞ்சிய தொப்பியும் உடையும். துணி துவைத்துத் துவைத்துச் சுருங்கிப்போன விரல்கள், கையில் சோப்பு நுரை. ஓடி வந்தவள் மூச்சு வாங்குமுன் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். பத்திரமாயிருக்கட்டும் என்று பூட்டிவிட்டுப் போவதாகவும், இடையில் ஓடிவந்து பார்த்துக்கொள்வதாகவும், டாமுக்குப் பயமில்லை என்றும் விவரமாய்ச் சொல்கிறாள். தகப்பனைப் பற்றிச் சொல்லும்போதும் அழவில்லை. டாம் அழுத பிறகுதான் அவள் கண்ணில் இரண்டு சொட்டு வருகிறது.

டிக்கன்ஸின் தகப்பனாரைப் பிடித்துக்கொண்டு போனவனும் இதே தொழில்காரன்தானே. அந்தத் தொழில்காரனின் பிள்ளைகளுக்காகவே அவர் நம்மைக் கண்கலங்க வைக்கிறார். தகப்பனின் தொழிலை வெறுத்து அக்கம்பக்கத்தார் பிள்ளைகளையும் ஒதுக்கியதாகவும், அதனால் சார்லிக்கு வேலை கிடைப்பது அரிதாயிருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

அந்த அறையில் நிற்கும் பெரியவர்களைக் கவனியுங்கள். வீட்டுக்காரி மிஸஸ் பிளைண்டர் மூச்சிரைக்கும் கிழவி, தானும் ஏழை. தகப்பன் செத்த நாள் முதல் அந்த அறைக்கு வாடகை வாங்குவதில்லை. அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. அதே வீட்டில் குடியிருக்கும் கிரிட்லி வழக்காடி வழக்காடிச் சொத்தைத் தொலைத்து, உலகத்தின்மேலேயே எரிந்து விழுகிறவர். இந்தப் பிள்ளைகளிடம் மாத்திரம் சாந்தம். வந்தவர்களில் ஸ்கிம்போல் என்று ஒருவர் உண்டு. கலைஞர், படித்தவர். நெக்கட்டைத் தம் கடனாலேயே பலமுறை அலையவைத்தவர். அவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து உருகி, அழகாகப் பேசுகிறார். தம்மைப்போன்றவர்கள் கடன் வாங்கியதால் அல்லவோ நெக்கட்டுக்கு வேலை கிடைத்து இந்த அருமைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்று மகிழ்ந்துகொள்கிறார். ஒரு பென்னி தரவில்லை. டிக்கன்ஸ் படைத்த கொலைகாரர்களைவிட இந்த மனிதரிடம் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் எத்தனை கெட்டிக்காரப் பெண், எவ்வளவு பொறுப்பு என்று இப்படிப்பட்ட பிள்ளைகளைப் புகழ்ந்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவது சுலபம். புகழ்ச்சி கேட்ட பிள்ளை மறுநாள் இன்னும் கொஞ்சம் தூக்கும்.

கதையில் ஜார்ண்டிஸ் செய்தது என்ன? சார்லிக்கு ஒரு நல்ல வீட்டில் சம்பளத்தோடு வேலை. அவளுக்கு எழுத்துக் கற்பிக்க எஜமானியே ஆசிரியை. டாம் பள்ளிக்குப் போனான். எம்மாவை அந்த மிஸஸ் பிளைண்டரே வளர்த்தாள். மூவருக்குள் உறவு அறுந்துபோகவில்லை. சார்லி வளர்ந்து ஓர் ஆலைக்காரரை மணந்தாள். டாம் அவரிடமே தொழில் கற்றான்.

பின்னும் 1855 முதல் எழுதிய லிட்டில் டோரிட்டில், மார்ஷல்ஸீ சிறையிலேயே பிறந்த எமி என்ற பெண் வருகிறாள். எட்டு வயதில் தாயை இழந்து, பதின்மூன்று வயதுக்குள் கணக்கு வழக்குப் பார்க்கக் கற்று, சிறைக்குள்ளேயே ஆசிரியர் தேடித் தமக்கைக்கு நடனம் கற்பித்து, தான் தையல் வேலை செய்து தகப்பனுக்குச் சோறு போடுகிறாள். தான் உழைப்பது தகப்பனுக்குத் தெரிந்தால் அவர் மானம் கெடுமே என்று மறைக்கவும் செய்கிறாள். வேலை செய்யும் வீட்டில் தரும் சாப்பாட்டைத் தின்னாமல் அவருக்குக் கொண்டுபோகிறாள். எழுதியவருக்கு அந்தச் சிறையின் படிக்கட்டு ஒவ்வொன்றும் தெரியும்.

எழுத்தோடு நின்றவரும் அல்லர். 1843-ல் சாப்ரன் ஹில் பக்கத்துக் கந்தல் பள்ளிக்கூடம் ஒன்றைப் போய்ப் பார்த்தார். கிழிந்த துணிப் பிள்ளைகளுக்கு இலவசமாய்ப் பாடம் சொல்லும் இடம் அது. செல்வச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட் கூட்ஸுக்கு விவரமாய் எழுதி உதவி கேட்டார். அந்தப் பிள்ளைகளுக்குக் காற்றோட்டமான இடமும், கை கால் கழுவ வசதியும் முதலில் வேண்டும் என்றார். லண்டனில் பிள்ளைகளுக்கென்று முதல் ஆஸ்பத்திரி 1852-ல் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்டில் 10 கட்டில்களோடு திறந்தபோது தம் பத்திரிகையில் அதைப்பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பணமின்றி அது தடுமாறியபோது, 1858 பிப்ரவரி 9-ம் தேதி ஒரு விருந்தில் பேசினார். அன்று ஓர் இரவில் 3,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது; பக்கத்து வீட்டை வாங்கி ஆஸ்பத்திரியைப் பெரிதாக்க முடிந்தது.

குறையையும் சொல்லாமல் விடலாகாது. அதே 1858-ல் பத்துப் பிள்ளைகளின் தாயான மனைவியைப் பிரித்து வைத்தார். அதற்கு நல்ல காரணம் சொல்ல யாராலும் முடியவில்லை. தம் பையன்களின் அறைகளை நாள்தோறும் சோதிப்பார். தொப்பி ஆணியில் இல்லாவிட்டால் கடிந்துகொள்வார். தகப்பனாரின் ஊதாரித்தனம் எந்தப் பிள்ளையிடத்திலாவது தலைகாட்டுகிறதோ என்று ஓயாமல் அஞ்சினார். இரண்டாவது மகன் வால்ட்டரைப் பதினாறு வயதில் இந்தியாவுக்குப் பட்டாளத்துக்கு அனுப்பினார். அந்தப் பையன் 1863 டிசம்பர் 31-ம் தேதி கல்கத்தாவில், 22 வயதில், கடனோடு இறந்தான். பன்னிரண்டு வயதில் ஆறு பொட்டலம் மடித்த கை, வேறு ஒருவர் காசை இறைப்பதைப் பொறுக்கவில்லை. சிறுவயதில் தலைக்கேறிய பாரத்தை யாரும் இறக்கிவைக்காவிட்டால், அது பிறகு தன் பிள்ளைகளின் தலையிலும் கொஞ்சம் அழுத்துகிறது.

1869-ம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயம், காட்ஸ் ஹில் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஞாபக விளையாட்டு விளையாடினார். ஒருவர் ஏதாவது ஒரு பெயர் சொல்ல, அடுத்தவர் முன் சொன்னவற்றையெல்லாம் வரிசையாய் ஒப்பித்துத் தம் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். டிக்கன்ஸின் முறை வந்தது. எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்தார். கடைசியில் தம் பங்குக்கு ஒரு பழைய பூட்ஸ் மைக் கம்பெனியின் பெயரையும் விலாசத்தையும் சொன்னார். சொன்னபோது அவர் கண்ணில் ஒரு விசித்திர ஒளியும் குரலில் ஒரு மாற்றமும் இருந்ததை மகன் ஹென்றி கவனித்தார். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்தவர் தொடர்ந்து ஒப்பித்தார், விளையாட்டு நடந்தது.

1870 ஜூன் 9-ம் தேதி டிக்கன்ஸ் இறந்தார். அதன்பின் பார்ஸ்டர் எழுதிய சரித்திரம் வெளிவந்தது. அந்த மைக் கம்பெனியில் வேலை செய்த சிறுவன் யாரென்று பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் அறிந்துகொண்டார்கள்.